பதினாலாம் குழியில் ஒரு கேள்வி

நான் நன்றாக ஆடிய நாட்கள் எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இத்தனை வருடமாகக் கோல்ஃப் ஆடிப் பிழைக்கிறவள், எந்த மைதானத்தில் எந்தக் குழியை எத்தனை அடியில் முடித்தேன் என்று ஒப்பிக்க வேண்டாமா? மற்றவர்கள் ஒப்பிக்கிறார்கள், கேட்கக் கேட்கக் கொட்டாவி வரும். எனக்கு மிஞ்சுவது வேறு. புல்லின் மேல் கிடந்த பனி, ஷூவுக்குள் ஏறிய ஈரம், பந்து கிளம்பிப் போன பிறகும் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் நிற்கும் அதிர்வு. பிறகு பார்த்தால் வெயில் ஏறியிருக்கும், யாரோ கை குலுக்குவார்கள், பதினெட்டுக் குழியும் முடிந்திருக்கும். தூக்கத்தில் நடந்து வந்தவள் மாதிரி நிற்பேன். அண்ணிதான் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "முழிச்சிகினியா?" என்பாள்.

அண்ணி என் மூத்த அண்ணனின் மனைவி. என்னைவிட ஆறு வயது பெரியவள், மீன் விற்கிறவள். போன வருடம் முழுக்க என் பையைத் தூக்கிக்கொண்டு என்னோடு நடந்தவளும் அவள்தான். ஆட்டக்காரியின் பையைத் தூக்குகிறவரைக் கேடி என்பார்கள். கேடி என்றால் போலீஸ் தேடுகிற ஆள் என்று எங்கள் குப்பத்தில் அதற்கு வேறு அர்த்தம் இருந்ததால், அண்ணி அந்தச் சொல்லைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. "நான் இவளுக்கு அண்ணி" என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள்.

எங்கள் குப்பம் நெம்மேலியை ஒட்டிக் கடலோரம் இருக்கிறது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையின் உறுமல் இரவும் பகலும் கேட்கும். வெளியூர்க்காரர்களுக்குத்தான் அது சத்தம். நான் வெளியூரில் ஓட்டல் அறைகளில் தூக்கம் வராமல் புரண்டதற்கு அந்த உறுமல் இல்லாததுதான் காரணம் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

எங்கள் கரையில் ஒரு பழக்கம் உண்டு. மீன்பிடிப் போட்டு மணலில் ஏறியதும் அங்கே நிற்கிறவர்கள் கேட்டாக வேண்டும். "இன்னா பட்டுச்சி? இன்னா வல? எவ்ளோ ஆழம்?" மீன் வாங்கும் உத்தேசம் இருக்க வேண்டியதில்லை. பல் விளக்கிக்கொண்டே கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டும். கேட்காமல் போனால் ஏதோ சண்டை என்று அர்த்தம். நல்ல மீனோடு வந்தவனைக் கேட்காமல் விடுவது அதைவிடப் பெரிய அவமரியாதை, பொறாமைப்படுகிறாய் என்றே முடிவு கட்டிவிடுவான். அதே மாதிரி, கேட்டால் சொல்ல வேண்டும். உள்ளதைத்தான் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. இடத்தை எவனும் உள்ளபடி சொன்னதில்லை. "தோ, அப்டிக்கா" என்று கடல் பூராவையும் ஒரு கையால் காட்டுவான். அதுவும் பதில்தான்.

அப்படிக் கேட்பதில் அண்ணியை மிஞ்ச ஆள் கிடையாது. பஸ் ஏறினால் இறங்குவதற்குள் கண்டக்டர் காலையில் என்ன சாப்பிட்டார், அவர் மகள் எத்தனை மார்க் எடுத்தாள் எல்லாம் தெரிந்திருக்கும். வேவு பார்க்கிற கேள்விகள் இல்லை அவை. மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது போல அவள் மனிதர்களைக் கேட்பாள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். ஊர் முழுக்க என்னைக் கேட்ட ஒரே கேள்வி கல்யாணம் எப்போது என்பதுதான், அதனால் பொதுவாகவே கேள்விகள் என்றால் எனக்கு ஆகாது. அண்ணி மட்டும் அதைக் கேட்டதே இல்லை.

பள்ளி முடித்த பிறகு இரண்டு வருடம் நான் அண்ணியோடு திருப்போரூருக்கு மீன் கொண்டுபோனேன். அலுமினிய அன்னக்கூடையில் மீனும் ஐஸும், தலையில் சும்மாடு. மீன் தண்ணீர் காது வழியாகக் கழுத்தில் இறங்கும். கூடை ஏறிவிட்டால் தலை அசையக்கூடாது. யார் கூப்பிட்டாலும் உடம்போடு சேர்ந்துதான் திரும்ப வேண்டும். கிருத்திகையும் செவ்வாய்க்கிழமையும் வந்தால் அந்த ஊரில் வியாபாரம் படுத்துவிடும், முருகன் பேரைச் சொல்லி நாங்களும் வீட்டில் படுத்துக்கொள்வோம்.

பத்தொன்பது வயதில், சாலையோரம் புதிதாகத் திறந்திருந்த கோல்ஃப் பயிற்சித் திடலில் வேலைக்குச் சேர்ந்தேன். காரில் வருகிறவர்கள் வரிசையாக நின்று பந்தை அடித்துத் தள்ளுவார்கள். கிடக்கும் பந்துகளைப் பொறுக்கி, கழுவி, வாளியில் நிரப்ப வேண்டும். எங்கள் வேலை அதுதான். ஒருநாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன ஒரு மட்டையை, கிளப் என்பார்கள் அதை, எடுத்து நானும் ஒரு பந்தை அடித்தேன். நேராகப் போய் விழுந்தது. இன்னொன்று அடித்தேன், அதுவும் நேராகப் போனது. திடலை நடத்தியவர் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் கேட்டார், "தலை அசையவே மாட்டேங்குதே, எங்கம்மா கத்துக்கிட்ட?" காசு கொடுத்துப் படிக்க வருகிறவர்களுக்கு அவர் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் வராத சங்கதியாம் அது. மீன் கூடையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஒரு நீளமான விடியற்காலை போலத்தான் எனக்குத் தெரிகிறது. அங்கேயே சொல்லிக்கொடுக்கும் வேலை, பிறகு சின்னச் சின்னப் போட்டிகள், பிறகு தொழில்முறை ஆட்டக்காரி என்று ஒரு அட்டை. ரயில் ஜன்னல்கள், தெரியாத ஊர்களின் டீ, ஒரே மாதிரிப் புல். சில வருடங்கள் நன்றாக ஆடினேன். பல வருடங்கள் அப்படி இப்படி. தோளில் ஒரு வலி வந்து குடியேறியது. முப்பத்தேழு வயதானபோது கூட ஆடியவர்கள் எல்லோரும் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

பையைத் தூக்க அண்ணி எப்படி வந்தாள் என்றால், போன வருடத் தொடக்கத்தில் எனக்குத் தூக்கிக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தேன். அண்ணி நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள், "அந்தப் பை இன்னா பாரம் இருக்கும்?"

"பதினஞ்சு கிலோ வரும்."

"அவ்ளோதானா? ஐஸு வெச்சா என் கூடை அதுக்கு ரெண்டு மடங்கு."

அவள் மகள் ஊரப்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அண்ணன் கடலுக்குப் போகிறவன், சமைக்கத் தெரிந்தவன். அண்ணி கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு வருடத்துக்கு என்னோடு கிளம்பிவிட்டாள். பையைத் தலையில் வைக்கக்கூடாது, தோளில்தான் மாட்ட வேண்டும் என்று சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

விதிகளை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அடுத்தவள் பந்து உருளப்போகும் வழியை மிதிக்கக்கூடாது. அடிக்கும்போது நிழல் விழக்கூடாது. கிடந்த இடத்தில் அடையாளம் வைக்காமல் பந்தை எடுக்கக்கூடாது. அவள் ஒன்றையும் மறக்கவில்லை, கிளப்பைக் குச்சி என்று சொல்வதை மட்டும் விடவில்லை. வடக்கே எங்கே போனாலும் அமைதியான கேடி என்று பெயர் வாங்கினாள். எங்கள் குப்பத்தில் சொன்னால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். அவளுக்கு இந்தி தெரியாது, இங்கிலீஷ் தெரியாது, அதனால் பேச ஆளில்லை. அவ்வளவுதான் விஷயம். மனதுக்குள் கேள்விகள் குவிந்துகொண்டே இருந்திருக்கும். ராத்திரி அறையில் என்னிடம் கொட்டுவாள். "அந்த நீலச் சட்டப் பொண்ணு எதுக்கு அழுதுச்சி? அந்தப் பெரியவருக்குக் காலு இன்னா ஆச்சி?" எனக்குத் தெரியாது என்பேன். "கேட்டா இன்னா கொறஞ்சா போய்டுவ?" என்று திட்டிவிட்டுத் தூங்கிப்போவாள்.

ஒரு விதியை மட்டும் நான் அவளுக்குச் சொல்லவில்லை. போட்டி நடக்கும்போது, எந்தக் கிளப்பால் அடித்தாய் என்று எதிராளியையோ அவருடைய கேடியையோ கேட்கக்கூடாது. அது ஆலோசனை கேட்பதாகிவிடும். கேட்டால் இரண்டு அடி தண்டம், குறைவான அடியில் முடிக்க வேண்டிய ஆட்டத்தில் கணக்கில் இரண்டு கூடிவிடும். கேடி கேட்டாலும் ஆட்டக்காரிக்குத்தான் தண்டம். கேட்டதற்குப் பதில் சொன்னால், சொன்ன பக்கத்துக்கும் அதே இரண்டு. இது எனக்கு மனப்பாடம். ஆனால் வாயே திறக்க வழியில்லாத ஊர்களில் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. குற்றம் என் மீதுதான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வருடத்தின் கடைசிப் போட்டி எங்கள் பக்கத்திலேயே வந்தது. மாமல்லபுரத்துக்குப் போகும் வழியில் சவுக்குத்தோப்புக்குப் பின்னால் கடலைப் பார்த்த மைதானம். வருடம் முழுக்க எல்லாப் போட்டியிலும் எடுத்ததைக் கூட்டிப் போடும் பட்டியலில் முதல் முப்பது பேருக்குள் முடித்தால் அடுத்த வருடமும் ஆடலாம். தாண்டிவிட்டால் தகுதிப் போட்டிக்குப் போய், இருபது வயதுப் பிள்ளைகளோடு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். நான் முப்பத்திரண்டாவது இடத்தில் இருந்தேன். வெளியே விழுந்தால் இத்தோடு போதும் என்று முடிவு செய்திருந்தேன், அண்ணியிடமும் சொல்லியிருந்தேன். அவள் கிளப்புகளின் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் என்னோடு ஆடியது செங்கல்பட்டுப் பெண் ஒருத்தி. இருபத்திரண்டு வயது, முதல் வருடம், அன்று காலை அந்தப் போட்டியில் முதல் இடத்தில் இருந்தாள். அவள் பையை அவளுடைய அப்பாவே தூக்கினார், அத்தா என்று கூப்பிட்டாள். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், வெள்ளைத் தாடி, தொப்பி, கால்சராயை நான்கு விரல் மடித்துவிட்டிருந்தார். முதல் குழியிலேயே அண்ணி அவரைப் பிடித்துக்கொண்டாள். "பாய், உங்க கட எந்தப் பக்கம்? டேசனுக்கு இப்டியா அப்டியா?" அவரும் கடை விலாசத்திலிருந்து எவர்சில்வரின் தரம் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். பத்து மாதம் அடைத்துவைத்த மடை திறந்த மாதிரி அண்ணி பேசினாள். எனக்கே சந்தோஷமாக இருந்தது. நான் வழக்கம்போல என் தூக்கத்துக்குள் போய்விட்டேன்.

அன்றைய காலையிலிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்: சவுக்கு ஊசிகள் ஷூவில் ஒட்டிக்கொண்டு வந்தன. கடலில் ஒரு போட்டு நின்ற இடத்திலேயே நின்றது. புல்லின் மேல் என் நிழல் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பந்து எங்கே போக வேண்டுமோ அங்கே போனது. நான் அடிக்கவில்லை, யாரோ அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்படி ஒரு காலை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் வரும்.

பதினாலாம் குழி கடலைப் பார்த்து இருக்கும். ஒரே அடியில் பந்தைக் கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றிய வழவழப்பான புல்லுக்கு, கொண்டுபோக வேண்டிய குட்டிக் குழி. காற்று கச்சானிலிருந்து கொண்டலுக்கு மாறிக்கொண்டிருந்தது, அதாவது முதுகில் அடித்த தரைக்காற்று நின்று, கடலிலிருந்து முகத்துக்கு நேரே வர ஆரம்பித்திருந்தது. செங்கல்பட்டுப் பெண் முதலில் அடித்தாள். பந்து உயரே போய் மெதுவாக இறங்கிக் கொடிக்கம்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்தது. அவள் கிளப்பை அத்தாவிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயின் பக்கம் போனாள். என் கை ஆறாம் நம்பர் கிளப்பின் மேல் இருந்தது. நம்பர் ஏற ஏறப் பந்து போகும் தூரம் குறையும், எதிர்க்காற்றுக்கு ஆறுதான் என்று நினைத்திருந்தேன்.

அப்போது அண்ணியின் குரல் கேட்டது.

"அப்பா! இன்னா அழகா உக்காந்துச்சி. இன்னா குச்சி பாய் குடுத்தீங்க?"

"ஏழும்மா" என்றார் அவர். "காத்து இன்னும் முழுசா ஏறல."

யாரும் கவனிக்கவில்லை. நடுவர் எங்கோ இருந்தார், பார்க்க வந்திருந்த நாலு பேரும் நிழலில் நின்றிருந்தார்கள். என் கை ஆறை விட்டு ஏழுக்குப் போனது. நான் போகச் சொல்லவில்லை, ஆனால் போனது என் கைதான். அடித்தேன். பந்து குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அண்ணி இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு குதித்தாள்.

அந்த நிமிடம் நான் விழித்துக்கொண்டேன். நான் அவளுக்குச் சொல்லாமல் விட்ட விதி அது.

அண்ணி கேட்டது எதையும் தெரிந்துகொள்வதற்காக இல்லை. நல்ல மீனோடு கரையேறியவரைக் கேட்டாள், அவ்வளவுதான். காற்றைப் படிக்க அவளுக்கு யார் உதவியும் வேண்டாம். பாயும் உதவி செய்வதற்காகச் சொல்லவில்லை, முப்பது வருடமாக வாடிக்கைக்காரர்களின் கேள்விக்குப் பதில் சொன்ன வாய் அது. இரண்டு பேரும் மரியாதைதான் செய்தார்கள். விதிப் புத்தகத்துக்கு மரியாதை என்றால் வேறு.

மிச்சம் நான்கு குழியும் எனக்கு அடி அடியாக நினைவிருக்கிறது. வாழ்க்கையில் அந்த நான்குதான் அப்படி நினைவிருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் என்னோடு நானே சண்டை போட்டேன். யாருக்குத் தெரியும் என்றேன். எனக்குத் தெரியுமே என்றேன். சொன்னால் நான் மட்டுமா போவேன், ஒரு பாவமும் அறியாத அந்தப் பெண்ணின் முதல் கோப்பையும் போகும். சொன்னால் அண்ணியின் முகத்தை எப்படிப் பார்ப்பது. அவள் பக்கத்தில் நடந்துகொண்டே, "இருவத்தொம்போதா, முப்பதா? உள்ள வந்துட்டோம்ல?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். வந்துவிட்டோம். வருடப் பட்டியலில் முப்பதாவது இடம். பலகையில் போட்டுவிட்டார்கள்.

அண்ணி மீன் விற்கும்போது ஒன்று செய்வாள். வாங்குகிறவர் கேட்பதற்கு முன்னாலேயே செவுளைத் தூக்கிக் காட்டிவிடுவாள். சிவப்பாக இருந்தாலும் காட்டுவாள், கொஞ்சம் வெளுத்திருந்தாலும் காட்டி, "நேத்து மீனு, கொயம்புக்கு ஆவும், வறுக்க ஆவாது" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து அதை இரண்டு வருடம் பார்த்தவள் நான். எனக்கு அதில் பெருமையெல்லாம் இருந்ததில்லை, வியாபாரம் கெடுகிறதே என்ற கோபம்தான். ஆனாலும் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது நம்மைக் கேட்டுக்கொண்டா ஒட்டுகிறது?

ஸ்கோர் அட்டையில் கையெழுத்துப் போடும் கூடாரத்தில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, ஒரு மின்விசிறி. அந்தப் பெண் எனக்கு எழுதிய அட்டையை நீட்டினாள். பதினாலாம் குழியில் இரண்டு என்று அழகாக எழுதியிருந்தாள். நான் பேனாவை வைத்துவிட்டு நடுவர் அம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னேன். என் கேடி எந்தக் கிளப் என்று கேட்டாள், அது என் காதில் விழுந்தது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். பதில் வந்ததா என்று கேட்டார்.

நான் மேஜையைப் பார்த்தேன். என் செவுளை நான் தூக்கிக் காட்டலாம், இன்னொருத்தர் செவுளை எப்படித் தூக்குவது?

"நான் சொன்னேன் மேடம்" என்றார் கூடார வாசலில் நின்றிருந்த பாய். இங்கிலீஷ் கொஞ்சம் புரிந்திருக்கிறது. "ஏழுன்னு சொன்னேன்."

"அத்தா!" என்றாள் அந்தப் பெண். குரல் உடைந்துவிட்டது. "ரூல் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? ஏன்த்தா சொன்னீங்க?"

அவர் தொப்பியை ஒருமுறை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார். "கேட்டாங்கம்மா. கேட்டா சொல்லாம எப்படி?"

எனக்கு இரண்டு, அவளுக்கு இரண்டு. அவள் போட்டியில் முதல் இடத்திலிருந்து மூன்றாவதுக்குப் போனாள். நான் வருடப் பட்டியலில் முப்பத்துமூன்றுக்குப் போனேன். அந்தப் பெண் அழுதுகொண்டே என்னோடு கை குலுக்கினாள், குலுக்காமல் போயிருந்தாலும் நான் தவறாக நினைத்திருக்க மாட்டேன்.

வெளியே அண்ணி பையின் மேல் உட்கார்ந்து அண்ணனுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "உள்ள வந்துட்டோம்யா, முப்பது, சோக்கா கீது!" நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நடுவில் ஒன்றுமே கேட்கவில்லை. அவளிடம் ஒரு விஷயத்தைக் குறுக்குக் கேள்வி இல்லாமல் முழுசாகச் சொன்னது அதுவே முதல் தடவை. முடித்த பிறகு எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் வாய மூடிகினு இருந்திருக்கணும்" என்றாள்.

"நான் சொல்லிக் குடுத்திருக்கணும் அண்ணி."

வீடு வரைக்கும் ஷேர் ஆட்டோவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிரைவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அப்போது அடுத்த வருட வாய்ப்பு போனது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. யாரையாவது ஏதாவது கேளேன் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு வந்தேன்.

மறுவாரமே அவள் கூடையை எடுத்துவிட்டாள். நான் விடியலில் எழுந்து கரையில் நடப்பேன், வேறு வேலை இல்லை. போட்டுகள் வரும். அண்ணி தள்ளி நின்று, ஏலம் முடியும்வரை காத்திருந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு போவாள். என்ன பட்டது, என்ன வலை, எதுவும் கேட்பதில்லை. பனியில் ஆலையின் உறுமலும் அலைச்சத்தமும் மட்டும் கேட்கும், நடுவில் இருக்க வேண்டிய குரல் இருக்காது. ஒருநாள் போட்டுக்காரர் ஒருத்தர் என்னை நிறுத்தி, "இன்னாம்மா, ஒங்க அண்ணிக்கு எங்க மேல எதுனா கோவமா? ரெண்டு வாரமா கேக்கவே மாட்டுது. வஞ்சரம் பட்டா கூட கேக்கல" என்றார். அவர் முகம் உண்மையிலேயே வாடியிருந்தது. நான் சரியானதைச் செய்தேன் என்று என்னை நானே தட்டிக்கொடுத்த நாட்களும் இருந்தன. அன்றோடு அது முடிந்தது. எனக்கு என் மேல் வெறுப்பாக இருந்தது.

பொங்கலுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் துணையாகத் திருப்போரூர் போனேன். அவள் கூடை முன்னால் உட்கார்ந்திருந்தாள், நான் ஐஸ் வாங்க எதிர்ப்பக்கம் போயிருந்தேன். ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. செங்கல்பட்டுப் பாய். எங்கள் ஊர் மீனுக்காக யாரும் அவ்வளவு தூரம் வர மாட்டார்கள். வழியில் எத்தனை பேரிடம் விசாரித்தாரோ. அவர் கூடை முன்னால் குந்தி உட்கார்ந்தார். நான் ஐஸ் மூட்டையோடு சாலைக்கு நடுவில் நின்றுவிட்டேன், பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

"இன்னைக்கு எது நல்லா இருக்கும்மா?" என்றார் பாய்.

அண்ணி அவரைப் பார்க்காமல் மீனையே பார்த்தாள். பாய் காத்துக்கொண்டிருந்தார், கடைக்காரருக்குக் காத்திருக்கத் தெரியும். மறுபடியும் கேட்டார். "கேக்குறேன்ல? சங்கராவா, கானாங்கத்தையா?"

அண்ணி ஒரு சங்கராவை எடுத்துச் செவுளைத் தூக்கினாள். "இது விடிகாலைல பட்டது பாய். வறுவலுக்கு ஆவும். கானாங்கத்த வாணாம், நேத்து மீனு." சொல்லிவிட்டு, எடைபோட்டு, செதில் சீவி, கட்டிக் கொடுத்தாள். அவர் எழுந்தார். வண்டியை உதைத்தார். அது கிளம்பும் நேரத்தில் அவள் வாய் திறந்தது.

"பாய், பாப்பா எப்டி கீது?"

"நல்லா இருக்காம்மா. காலைல கூட ஆடப் போயிருக்கா. உங்களைத்தான் கேட்டா." அவர் போய்விட்டார். நான் கூடைக்கு வந்தபோது அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஐஸ் கொண்டுவர இவ்வளவு நேரமா என்று என்னைத் திட்டினாள்.

நான் தகுதிப் போட்டிக்குப் பேர் கொடுத்தது அந்த வாரம்தான். இத்தோடு போதும் என்று சொன்னவள் எதற்குக் கொடுத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. பயிற்சிக்கு அதே கடலோர மைதானத்துக்குப் போனோம். அண்ணி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. விடியலில் கதவைத் திறந்தபோது பையோடு வாசலில் நின்றாள்.

பனி விலகாத காலை. கடலும் வானமும் எங்கே பிரிகிறது என்று தெரியவில்லை. முதல் குழியிலிருந்து அவள் பேசவே இல்லை, நான் கேட்ட கிளப்பை எடுத்துக் கொடுத்தாள், வாங்கித் துடைத்தாள். நான் என் தூக்கத்துக்குள் போக முயன்றேன், முடியவில்லை. பதினாலாம் குழிக்கு வந்தோம். காற்று மாறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒருத்தரும் இல்லை.

அண்ணி பையைக் கீழே வைத்தாள். சவுக்கின் நுனியைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் வந்து, ரொம்பத் தாழ்ந்த குரலில், யாருக்காவது காது கேட்டுவிடுமோ என்பது போலக் கேட்டாள்.

"ஏய், உன்னக் கேக்கலாமில்ல?"

நான் அவள் பக்கம் திரும்பினேன். "என்னக் கேக்கலாம் அண்ணி. எவ்ளோ வேணாலும் கேக்கலாம்."

"ரூலு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல."

அவள் ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

"அப்ப சொல்லு. இன்னா குச்சி?"